பழைய ஹொட் ஹேட்ச் வாங்குவதா, இருக்கிற காரையே வைத்துக்கொள்வதா: கொழும்பில் ஆவணம், செலவு, காலம்

கொழும்பில் பழைய ஹொட் ஹேட்ச், அதாவது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஹொண்டா ஃபிட் ஆர்எஸ் மாதிரி வேகத்துக்கென்று செய்த சின்னக் கார் ஒன்றை வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் குதிரைவலுவில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கார் கிடைத்துவிடும். ஆளை அலைக்கழிப்பது பேப்பர்தான். நான் பார்த்துப் பிடித்த காரில் கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் பதிவில் நிதி நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. அதை நீக்கும் கடிதத்துக்காக அவரும் நானும் வாரக்கணக்கில் அலைந்தோம், அதுவரை என் பணமும் முடங்கி, பழைய காரை விற்கவும் முடியாமல் நின்றது. நீங்களும் அப்படி அலையக்கூடாது என்றுதான் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

1. முதலில் இருக்கிற காருக்கு எஸ்டிமேட் எடுங்கள்

புதுக் கார் தேடும் முன் உங்கள் காரை நம்பிக்கையான கராஜில் விட்டு, முழுதாகச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். நான்கு ஷொக் அப்சோர்பர், கீழ் புஷ்கள், எஞ்சின் மவுண்ட், பிரேக் பேட், நல்ல டயர் நான்கு, வீல் அலைன்மெண்ட். கார் மந்தமாக, சலிப்பாக இருக்கிறது என்று நினைக்கிறவர்களில் பாதிப்பேருக்கு உண்மையான காரணம் களைத்துப்போன ஷொக்கும் கல்லாகிப்போன டயரும்தான். அதைச் சரிசெய்த பிறகும் வேறு கார் வேண்டும் என்று தோன்றினால் அந்த ஆசை நிலையானது, தாராளமாக அடுத்த படிக்குப் போகலாம். அந்தச் செலவும் வீணாகாது, விற்கும்போது காரின் நிலை பேசும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திறந்தாலும் வரி கூடுதலாக இருப்பதால் பழைய கார்கள் மலிந்துவிடவில்லை. இப்போது விற்றுவிட்டு, நாலு மாதம் கழித்து மலிவாக வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

2. கையில் உள்ள பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்

காரின் விலை ஒன்று. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ரெவினியூ லைசன்ஸ், கராஜ் சோதனை இன்னொன்று. வாங்கி முதல் மூன்று மாதத்துக்குள் காருக்குள் போடும் பணம் மூன்றாவது, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து, பதினைந்து வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரை முன்பு ஓட்டியவர்கள் மெதுவாக ஓட்டியிருக்க மாட்டார்கள். கிளட்ச், டிஸ்க், டயர் எல்லாம் ஒரே நேரத்தில் கைநீட்டும். காரின் விலையில் 15 வீதத்தையாவது இதற்கென்று தனியாக வையுங்கள். அது இல்லாமல் மொத்தப் பணத்தையும் காருக்கே கொடுக்க வேண்டிய நிலை என்றால், என் அபிப்பிராயத்தில் இருக்கிற காரை வைத்திருப்பதே சரி.

பெற்றோல் கணக்கையும் இப்போதே போடுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர், கொழும்பு நெரிசலில் உங்கள் கார் லீட்டருக்கு 13, ஹொட் ஹேட்ச் 9 என்று வைத்துக்கொண்டால், 77 லீட்டர் போன இடத்தில் 111 லீட்டர் போகும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட், மிட்சுபிஷி கோல்ட் ரலியார்ட் இரண்டுக்கும் ஜப்பானிலேயே ஹை ஒக்டேன்தான் சொல்லியிருக்கிறார்கள், அதனால் இங்கே ஒக்டேன் 95 பெற்றோல் அடிக்க வேண்டும். 2025இல் 92க்கும் 95க்கும் லீட்டருக்கு நாற்பது ரூபா அளவு, சில மாதங்களில் அதற்கும் மேல் வித்தியாசம் இருந்தது. அந்த விலைக்கு, இரண்டையும் சேர்த்தால் மாதம் பதினையாயிரம் ரூபா அளவில் கூடும். ஃபிட் ஆர்எஸ், டொயோட்டா விட்ஸ் ஆர்எஸ் இரண்டும் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்த எஞ்சின்கள், 92 போதும்.

லீசிங் எடுப்பதென்றால் இரண்டு விஷயம். காரின் விலையில் எத்தனை வீதம் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது, அது அவ்வப்போது மாறும். அதோடு பழைய கார் என்றால் நிறுவனங்கள் காலத்தைக் குறைத்து வட்டியைக் கூட்டும். மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், கடைசித் தவணை வரை மொத்தமாக எவ்வளவு கட்டுவேன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. எந்தக் கார்

ஸ்விஃப்ட் ஸ்போர்ட்தான் எனது முதல் தெரிவு. அதில் இசட்சி31எஸ் (ZC31S) என்ற மாடல் 1.6 லீட்டர், 125 குதிரைவலு. அடுத்த இசட்சி32எஸ் அதே 1586 சிசி எஞ்சின், 136 குதிரைவலு, மெனுவல் என்றால் ஆறு கியர். இரண்டிலும் டர்போ இல்லை, டைமிங் செயின்தான், சாதாரண பராமரிப்பு வேலைகளைச் சுசுகி தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்வார். 2017 முதல் வந்த இசட்சி33எஸ் 1.4 டர்போ, ஒரு டன்னுக்கும் குறைவான எடை, அருமையான கார், ஆனால் மலிவு என்ற பேச்சுக்குள் வராது.

ஃபிட் ஆர்எஸ் (ஜிஇ8, 1.5 லீட்டர், 120 குதிரைவலு) குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு. பின்சீற்றை மடித்தால் ஒரு வீட்டுச் சாமானையே ஏற்றலாம். விட்ஸ் ஆர்எஸ் கொஞ்சம் மென்மை, பாகம் கிடைப்பதில் இதற்கு நிகர் இல்லை. கோல்ட் ரலியார்ட் டர்போ இழுவையில் மற்றவற்றை விட்டுவிடும், ஆனால் ரலியார்டுக்கே உரிய பாகங்களுக்கு ஜப்பானிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ 1.4 மலிவாகக் கண்ணில்படும். அதன் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஓட்டோ கியர்பொக்ஸில், கியரை மாற்றும் மெக்கட்ரோனிக் பகுதியின் கோளாறும் அந்த எஞ்சின் ஒயில் குடிப்பதும் உலகம் அறிந்தவை. முதல் கார் என்றால் தொடாதீர்கள்.

இங்கே ஒரு பொறி. சாதாரண ஸ்விஃப்டுக்கு ஸ்போர்ட் பம்பரும் பின்ஸ்பொய்லரும் மாட்டி ஸ்போர்ட் என்று விற்கிறார்கள். சி.ஆர். புத்தகத்தில் (காரின் பதிவுச் சான்றிதழ்) எஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள். 1242 அல்லது 1328 சிசி என்றிருந்தால் அது ஸ்போர்ட் அல்ல. சேசிஸ் இலக்கம் இசட்சி31எஸ் அல்லது இசட்சி32எஸ் என்று தொடங்க வேண்டும். ஃபிட்டில் 1339 சிசி என்றால் ஆர்எஸ் அல்ல, 1496 இருந்தாலும் உறுதி இல்லை, ஜிஇ8இல் வேறு ரகங்களும் உண்டு.

ஓட்டோவா மெனுவலா என்றால் மெனுவல். காலி வீதி நெரிசலில் கால் வலிக்கும், உண்மைதான். ஆனால் தேய்ந்த கிளட்சை மாற்றும் செலவும் கெட்டுப்போன சிவிடி ஓட்டோ கியர்பொக்ஸை மாற்றும் செலவும் ஒன்றல்ல.

4. காரைப் பார்க்கப் போகும் முன் பேப்பரைப் பாருங்கள்

விளம்பரத்தைப் பார்த்ததும் ஓடாதீர்கள். விற்பவரிடம் சி.ஆர். புத்தகத்தின் இரண்டு பக்கமும் போட்டோ கேளுங்கள். தரத் தயங்குகிறார் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து எஞ்சின் இலக்கம், தயாரித்த வருடம், அப்சலூட் ஓனர் (கடன் கொடுத்துக் காரின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம்) மூன்றையும் ஒப்பிடுங்கள். பார்க்க வேண்டியவை இவை.

அப்சலூட் ஓனர் இடத்தில் வங்கி, லீசிங் நிறுவனம் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால், கடன் தீர்ந்தது என்ற வாய்ச்சொல்லும் போதாது, தவணை கட்டிய ரசீதும் போதாது. நிறுவனம் கடிதம் கொடுத்து, அந்தப் பெயர் திணைக்களத்தில் நீங்கிய பிறகுதான் பணம். இதற்கு விற்பவர்தான் ஓட வேண்டும். முழு அட்வான்ஸையும் கொடுத்துவிட்டால் அவருக்கு என்ன அவசரம்?

சி.ஆரில் உள்ள பெயரும் உங்களோடு பேசுகிறவரும் ஒருவரா? கார் சேலிலோ தரகரிடமோ வாங்கினால் பெரும்பாலும் இருக்காது. "ஓபன் பேப்பர் இருக்கு, பிரச்சினை இல்லை" என்பார்கள். அதாவது பழைய உரிமையாளர் கையெழுத்து வைத்த எம்.டி.ஏ. 6 (புது உரிமையாளரைப் பதியும் விண்ணப்பம்), எம்.டி.ஏ. 8 (கார் கைமாறியதை அறிவிப்பது) படிவங்களோடு கார் இரண்டு மூன்று கை மாறியிருக்கும், யாரும் தங்கள் பெயருக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். இடையில் உரிமையாளர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ, கையெழுத்துப் பொருந்தாவிட்டாலோ, நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். பதிவில் உள்ள உரிமையாளரைப் போனிலாவது பேசி, அவருடைய அடையாள அட்டைப் பிரதியை வாங்காமல் ஓபன் பேப்பர் காரைத் தொடாதீர்கள்.

தயாரித்த வருடமும் பதிவுசெய்த வருடமும் வேறு வேறு. இலக்கத்தகட்டின் எழுத்து பதிவைத்தான் சொல்லும். விலை பேச வேண்டியது தயாரித்த வருடத்தை வைத்து.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால், அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் கேளுங்கள். கிரேட் 4, 4.5 நல்லது, ஆர் அல்லது ஆர்ஏ என்றால் விபத்தில் திருத்தியது. விற்பவர் காட்டும் தாளை அப்படியே நம்பாமல், சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து வேறு இடத்தில் சரிபார்க்கும் சேவைக்குக் கொஞ்சம் செலவழியுங்கள். ஏலத்தின்போது மீற்றரில் எத்தனை கிலோமீட்டர் இருந்தது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

5. காரைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லுங்கள். பொனட்டில் கைவைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு ஒரு தரம் அக்சிலரேட்டரை மிதியுங்கள். பின்னால் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ஓட்டும்போது இரண்டாம், மூன்றாம் கியருக்கு வேகமாகப் போட்டுப் பாருங்கள், கிறீச்சிட்டால், கியரைச் சத்தமில்லாமல் சேர்க்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. ஏசியைப் போட்டு நெரிசலுக்குள் இருபது நிமிடமாவது ஓட்டி, வெப்பமுள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். வெறும் பாதையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை, நீங்கள் தினமும் ஓடப்போவது வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையில்.

வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டுபிடிப்பது தனி வேலை. 2016 மேயில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, கடுவலை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியது, 2025 நவம்பரில் டித்வா புயலோடு திரும்பவும் வெள்ளம். அந்தக் கார்கள் கழுவி, மெருகேற்றிச் சந்தைக்கு வரும். முன் சீற்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து வெளியே எடுங்கள். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு அடியில் மண்நிறத்தில் ஒரு கோடு, அல்லது நாடா விறைத்து வேறு நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. சீற்றைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டை அதுவரை இழுப்பதில்லை. பிறகு சீற்றின் கீழ் தண்டவாளத்தில் துருவும், ஸ்பெயார் வீல் குழியில் வண்டலும், தரைவிரிப்புக்குக் கீழே ஈர மணமும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று இருந்தாலும் திரும்பிவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் நீங்களே கண்ணால் பார்த்துச் சி.ஆரோடு ஒப்பிடுங்கள். இந்த ரகக் கார்களில் எஞ்சின் மாற்றியவை உண்டு. மாற்றி, திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றத்தில் இடறும். நிறம் மாற்றியிருந்தாலும் அப்படித்தான்.

6. மாற்றங்கள் செய்த காரா? ஒதுங்குங்கள்

தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய சத்தம் போடும் சைலன்சர், வேறு இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர்). முன்னவர் ஆசையாகச் செலவழித்ததற்கு உங்களிடம் விலை கேட்பார். சத்தமான சைலன்சருக்குப் பொலிஸ் நிறுத்தும். கெட்டலிட்டிக் கன்வேட்டரைக் கழற்றி விற்றிருந்தால் புகைச் சோதனையில் சித்தியடைவது கஷ்டம், அது இல்லாமல் ரெவினியூ லைசன்ஸ் இல்லை. தாழ்த்திய கார் கொழும்பு ஒழுங்கைகளின் வேகத்தடைகளில் வயிறு உரசும். கம்பனியில் வந்தபடியே இருக்கிற காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

7. கராஜ் சோதனை

விற்பவர் சொல்லும் கராஜ் வேண்டாம். கம்பியூட்டர் ஸ்கேன், பெயின்ட் தடிப்பு, கம்ப்ரஷன், லிஃப்டில் தூக்கிக் கீழ்ப்பக்கம் நான்கும் கட்டாயம். ஸ்கேனில் பிழை ஒன்றுமே இல்லை, ஆனால் காரின் கம்பியூட்டர் தானே செய்யும் சோதனைகள் எல்லாம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றால், யாரோ காலையில் பிழைகளை அழித்திருக்கலாம். லீசிங்குக்கோ இன்சூரன்ஸுக்கோ மதிப்பீட்டு அறிக்கை கேட்டால் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கலாம்.

8. பணமும் பெயர் மாற்றமும்

அட்வான்ஸ் சிறிய தொகை, எழுத்தில் ரசீது, அதில் வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், மொத்த விலை, பெயர் மாற்றம் முடியாவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி. மீதியை வங்கி மூலம் அனுப்புங்கள், சி.ஆரில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டும்.

கையில் வாங்க வேண்டியவை: அசல் சி.ஆர்., விற்பவர் கையெழுத்திட்ட எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8, அவருடைய அடையாள அட்டைப் பிரதி, நடப்பு ரெவினியூ லைசன்ஸ், புகைச் சான்றிதழ், இரண்டு சாவி. உங்கள் வரி இலக்கத்தையும் தயாராக வைத்திருங்கள், இப்போது கேட்கிறார்கள். இல்லாதவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நாரஹேன்பிட்டியிலுள்ள திணைக்களத்துக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போவதுதான் சிறந்த வழி, கையெழுத்தில் சந்தேகம் வந்தால் அங்கேயே தீரும். போகும் முன் முன்பதிவையும் அன்றைய கட்டணத்தையும் தளத்தில் பாருங்கள். வேலை நாளில், காலையில் வேளைக்கே போங்கள். வாசலில் "நான் முடித்துத் தாறேன்" என்று வருகிறவர்களிடம் அசல் சி.ஆரைக் கொடுக்காதீர்கள்.

9. இன்சூரன்ஸ்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் நிறுவனத்தை அழைத்து, அந்த வயதுக் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் தருவார்களா என்று கேளுங்கள். பழைய காரில் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸை (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான பிரிமியக் கழிவு) புதுக் காருக்கு மாற்றலாம், கேட்டால்தான் செய்வார்கள். பெறுமதியை இன்றைய சந்தை விலைக்கே போடுங்கள். பிரிமியத்தைக் குறைக்கப் பெறுமதியைப் பாதியாகக் காட்டினால், நட்டத்திலும் அந்த விகிதத்தில்தான் கொடுப்பார்கள். மாற்றங்கள் இருந்தால் எழுத்தில் அறிவியுங்கள்.

10. பழைய காரை விற்கும்போது

புதுக் கார் உங்கள் பெயருக்கு வந்த பிறகே விற்க ஆரம்பியுங்கள். அந்த இடைவெளிக்குப் பணம் புரட்ட முடியாவிட்டால் இது முழுவதையும் தள்ளிப்போடலாம்.

வாங்க வருகிறவர் ஓபன் பேப்பர் கேட்பார். கொடுக்காதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் சிசிடிவி பார்த்து, பதிவில் உள்ள உரிமையாளரின் வீட்டுக்குத் தண்டப்பத்திரம் அனுப்புகிறார்கள். விபத்து நடந்தாலும் முதலில் தேடி வருவது உங்களைத்தான். எம்.டி.ஏ. 8ஐ நிரப்பி, பிரதி எடுத்து, 14 நாளுக்குள் பதிவுத் தபாலில் நீங்களே திணைக்களத்துக்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

11. வைத்துக்கொள்வதென்று முடிவானால்

முதலாம் படியில் எடுத்த எஸ்டிமேட்டை வெளியே எடுங்கள். வரிசை இது: டயர், பிரேக், ஷொக், புஷ். பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் பாவித்ததைத் திருத்திய ரீகண்டிஷன் ஷொக் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள், நான்கும் புதிதாகப் போடுங்கள். கழற்றியதோடு மேல் மவுண்டையும் மாற்றுங்கள், கூலி ஒரு தரம்தான் போகும். எல்லாம் முடிந்த பிறகே அலைன்மெண்ட். டயரில் அளவைவிட வயது முக்கியம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடைக்காரர் டயரை ரிம்மில் ஏற்றும் முன் நான்கிலும் அதைப் பாருங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததென்றால் வேறு கொண்டுவரச் சொல்லுங்கள்.